மழைத்தண்ணீர் வரும் ஒயர் பைப்... அடைக்க எத்தனை ஃபோம் டப்பா வேண்டும்?

ஐப்பசி மழையில் ஜன்னலை மூடிவிடலாம். வாசல் கதவுக்கு அடியில் பழைய சாக்கைப் போடலாம். ஆனால், மண்ணுக்கடியில் கேபிள் வரும் பைப் வழியாகவே தண்ணீர் வீட்டுக்குள் வந்தால்? சென்னையில் பல வீடுகளுக்கு மின்சாரம் பூமிக்கடியில்தான் வருகிறது. ரோட்டை மேலே மேலே போட்டு உயர்த்திய தெருக்களில் வீடு பள்ளமாகிவிட, பைப்பின் வெளிவாய் உயரத்திலும் உள்வாய் தாழ்விலும் இருக்கும். மழை வந்தால் அது கேபிள் பைப் இல்லை, வாய்க்கால்! மெயின் போர்டு இருக்கும் சுவரிலேயே ஈரம் இறங்குவது உயிருக்கே ஆபத்து.

இதற்கு எலெக்ட்ரீஷியன்கள் சொல்லும் வழி, 'பியூ ஃபோம்'. டப்பாவைக் குலுக்கி அழுத்தினால் நுரையாக வந்து, பொங்கி, கெட்டியாகும். எத்தனை டப்பா என்று கேட்டால், "ரெண்டு, மூணு வாங்கி வெச்சிடுங்க சார்" என்பார்கள். உண்மையில் எவ்வளவு தேவை? நாலாம் வகுப்புக் கணக்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

பைப்பின் உள் விட்டத்தை சென்டிமீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, 0.785-ஆல் பெருக்கினால் வாயின் பரப்பு கிடைக்கும். 5 செ.மீ உள் விட்டமுள்ள பைப் என்றால் 5 x 5 x 0.785. அதாவது, 19.6. உள்ளே போகும் கேபிளுக்கும் இதே கணக்கு. கேபிளின் விட்டம் தெரியவில்லையா? வெளியே தெரியும் உறையின் மேல் நூலை ஒரு சுற்று சுற்றி, நீளத்தை 3.14-ஆல் வகுத்தால் போதும். 2 செ.மீ கேபிள் 3.1-ஐ அடைத்துக்கொள்ளும். மீதி 16.5. இந்த இடைவெளியை 10 செ.மீ ஆழத்துக்கு நிரப்பினால் 165 மில்லி. ஒரு சின்ன டம்ளர் அளவு நுரை!

சுவருக்குள் ஓடும் 25 மி.மீ பைப்பின் உள் விட்டம் சுமார் 22 மி.மீ. மூன்று ஒயர்கள் போக, 5 செ.மீ ஆழத்துக்கு 17 மில்லி போதும். ஏ.சி குழாய் போகும் ஓட்டை கொஞ்சம் பெரிது. 6.5 செ.மீ ஓட்டையில் குழாய்கள் பாதியை அடைத்திருந்தால், உள்ளே 5, வெளியே 5 செ.மீ என அடைக்க 165 மில்லி பிடிக்கும். ஆக, ஒரு மெயின் பைப், மூன்று சின்ன பைப், இரண்டு ஏ.சி ஓட்டை உள்ள வீட்டுக்கு மொத்தம் சுமார் 550 மில்லி. சிந்துவதற்கும் வெட்டி எறிவதற்கும் பாதியளவு கூட்டினாலும் 825 மில்லிதான்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். டப்பாவில் 750 மில்லி என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் திரவத்தின் அளவு. வெளியே வரும் நுரையின் அளவு அல்ல. திறந்த வெளியில் பீய்ச்சினால் பல டப்பாக்களில் 30 லிட்டருக்கு மேல்கூட நுரை வரும். குறுகலான பைப்புக்குள் அவ்வளவு பொங்காது. பாதிக்கும் குறைவாகவே வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தாலும், மேலே சொன்ன வீட்டுக்கு ஒரு சின்ன டப்பாவே மிச்சமாகும். இரண்டாவது டப்பா தண்டம்!

மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றால், அதுவும் நடக்காது. குழாய் வைத்து அடிக்கும் டப்பாவைத் திறந்துவிட்டால், கொஞ்ச நேரத்திலேயே வாய் இறுகிவிடும். எல்லா ஓட்டைகளையும் முதலிலேயே அளந்து, குறித்து, ஒரே நாளில் முடிப்பதுதான் சிக்கனம்.

'மிச்சம்தான் இருக்கிறதே' என்று பைப் முழுக்க அடித்துவிடவும் கூடாது. கரன்ட் போகும்போது ஒயர் சூடாகும். நுரை அந்தச் சூட்டை வெளியேற விடாது. அரை மீட்டருக்கு மேல் நுரை சூழ்ந்த ஒயர், வழக்கமாகத் தாங்கும் கரன்ட்டில் பாதியைத்தான் தாங்கும் என்பது பிரிட்டிஷ் வயரிங் விதிகளின் கணக்கு. போதாததற்கு, அந்த பைப்பில் பிறகு புது ஒயர் இழுக்கவே முடியாது. பைப்பின் முனையை மட்டும் அடைக்க வேண்டும். 10 செ.மீ உள்ளே ஒரு ஸ்பாஞ்ச் துண்டைத் திணித்துவிட்டால் நுரை அதைத் தாண்டி ஓடாது.

அடிக்கும்போது இடைவெளியில் பாதி வரை நிரப்பினால் போதும். மீதியை நுரையே பொங்கி நிரப்பிக்கொள்ளும். காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் அது இறுகுகிறது. ஆழமான பைப்பில் ஒரேயடியாக அடைத்தால் உள்பகுதி பிசுபிசுவென்றே இருந்துவிடும். அதனால், 3 செ.மீ அடித்து, இறுகியதும் அடுத்த அடுக்கு. டி.பி பெட்டிக்குள் திறக்கும் பைப் என்றால் இன்னும் நிதானம் வேண்டும். நுரை பொங்கி சுவிட்ச்சுக்குள் புகுந்தால், அந்த சுவிட்ச்சையே மாற்ற வேண்டியிருக்கும்.

மெயினை அணைத்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். டப்பாவிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும் என்பதால் பக்கத்தில் ஊதுவத்திகூட எரியக் கூடாது. கையுறை அவசியம், தோலில் ஒட்டி இறுகிவிட்டால் உரித்தெடுக்க நாள்கணக்காகும். சாதாரண ஃபோம் எரியும் என்பதால், தீத்தடுப்பு வகையா, மின் கேபிளுக்கு ஏற்றதா என்று டப்பாவில் பார்த்து வாங்க வேண்டும். அமெரிக்க மின் விதிகளும் அடைப்புப் பொருள் ஒயர் உறைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கின்றன. எலித் தொல்லை உள்ள வீடுகளில் ஃபோம் மட்டும் போதாது, கடித்துத் துளைத்துவிடும். முன்னால் கம்பி வலை வைக்கலாம். வெயில் படும் பக்கம் பெயின்ட்டோ சிமென்ட்டோ பூசாவிட்டால் மஞ்சளாகி உதிரும்.

பைப்பில் ஏற்கெனவே தண்ணீர் நிற்கிறதென்றால், கடையில் விற்கும் சாதாரண ஃபோம் அந்த அழுத்தத்தைத் தாங்காது. நிலத்தடி கேபிள் பைப்புக்கென்றே இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றும் வகை இருக்கிறது. அதற்கு ஆள் தெரிந்த எலெக்ட்ரீஷியன் தேவை. மீட்டருக்கு முன்னால் உள்ள கேபிள் மின்வாரியத்தின் பொறுப்பு. அந்தப் பக்க பைப்பைத் தொடுவதற்கு முன் செக்‌ஷன் ஆபீஸில் சொல்லி, சப்ளையை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும். வீட்டு மெயினை அணைத்தாலும் மீட்டர் வரை கரன்ட் இருந்துகொண்டேதான் இருக்கும்.