அடிக்கும் குழந்தை ஏன் அடிபடுகிறது?

வகுப்பில் ஒருவனையே பலர் குறிவைத்துக் கேலி செய்வதையும் விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்குவதையும் நாம் கண்டிருக்கிறோம். “அவன் பயந்த சுபாவம், அதனால்தான்” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மை அவ்வளவு எளிதன்று.

இத்துறையின் முன்னோடி, நார்வேயில் பணியாற்றிய உளவியல் அறிஞர் டான் ஒல்வேயஸ். கொடுமைக்கு ஆளாகும் சிறுவர்களில் இரு வகையினரை அவர் கண்டார். ஒடுங்கிக் கிடப்பவர் ஒரு வகை. படபடப்பினால் பிறரைச் சீண்டித் தாமும் அடிபடுபவர் மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையினரை நாம் கவனிப்பதே இல்லை.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1,970 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவம் முதல் ஏழு வயது வரை தொடர்ந்து கவனித்தனர். முடிவுகள் 2008-இல் வெளியாயின. பதினேழு மாத வயதில் அதிகமாக அடித்தும் கடித்தும் தள்ளியும் வந்த குழந்தைகளே, பின்னர்ச் சக குழந்தைகளிடம் மிகுதியாகத் துன்புறும் வாய்ப்பு உடையவர்கள் என்று தெரிந்தது. வியப்பாக இருக்கிறதல்லவா?

காரணத்தை இப்படி விளங்கிக்கொள்ளலாம். அந்த வயதில் அடிக்காத குழந்தை அரிது. பேச்சு வராததால் கை பேசுகிறது. மொழி வளர வளர, கேட்டுப் பெறவும் காத்திருக்கவும் பெரும்பாலோர் பழகிவிடுகின்றனர். சிலர் மட்டும் பின்தங்குகின்றனர். அவர்களை மற்றக் குழந்தைகள் விலக்குகின்றன, திருப்பியும் அடிக்கின்றன. விலக்கப்பட்ட குழந்தைக்கு விட்டுக்கொடுத்துப் பழக இடம் ஏது?

அதே ஆய்வு வேறு இரண்டையும் சுட்டியது: பெற்றோரின் கடுமை, போதாத வருமானம். குழந்தையின் இயல்பைக் கணக்கில் கொண்ட பிறகும் பெற்றோரின் கடுமைக்குத் தனிப் பங்கு இருந்தது. “அடியாத மாடு படியாது” என்று வளர்ந்த நமக்கு இது கசக்கத்தான் செய்யும்.

வருமானத்தைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சற்றுக் கோபம் வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். விடியுமுன் நடவுக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் தாயிடம், சிணுங்கும் பிள்ளைக்குக் கொடுக்க எவ்வளவு பொறுமை மிஞ்சும்? அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமன்று. ஏழைக் குழந்தைகள் எல்லோரும் அடிபடுவார்கள் என்று அந்த ஆய்வும் சொல்லவில்லை. வாய்ப்பு கூடுகிறது என்றே சொல்கிறது.

பள்ளி செல்லுமுன்பே மிகுதியாகத் துன்புற்ற குழந்தைகள், முதல் வகுப்புகளிலும் அவ்வாறே துன்புற்றனர். இதை ஆசிரியர்கள் கூறினர், அக்குழந்தைகளும் கூறின.