உங்களுக்குத் தெரியுமா? பனிமலையில் கார் பயணம்

மணாலியிலிருந்து லாஹௌல் பள்ளத்தாக்குக்குப் போக முன்பு 13,050 அடி உயர ரோத்தங் கணவாயை ஏறி இறங்க வேண்டும். ரோத்தங் என்றால் பிணக்குவியல் என்று பொருள் சொல்வார்கள். 2020 அக்டோபர் 3-ல் திறந்த 9.02 கி.மீ. அடல் சுரங்கம் அந்தக் கணவாய்க்கு அடியில் போகிறது. சுரங்கம் இருக்கிறதே என்று டிசம்பரில் லே வரை திட்டம் போடாதீர்கள். வழியிலுள்ள பாரலாச்சா கணவாய் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும். லாஹௌலிலுள்ள கேலாங்கோடு திரும்புங்கள்.

கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு கட்டிப்பட்டு ஃபில்டரை அடைக்கும். லடாக், கார்கில், கேலாங் போன்ற இடங்களுக்காக மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் டீசலை 2019-ல் இந்தியன் ஆயில் கொண்டுவந்தது. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால், அது உறைந்து விரிந்து எஞ்சினையே பிளந்துவிடும். கூலன்ட் அவசியம்.

ராத்திரி வண்டியை நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட்டால் காலையில் அது உறைந்து ஒட்டிக்கொள்ளலாம். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

சாலை உறைவதற்கு முன்பே பாலம் உறைந்துவிடும். மேலும் கீழும் குளிர்காற்று படுவதால் அப்படி. பாலத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். அதன்மேல் பிரேக்கைத் தொடாதீர்கள்.

இனிச் சொல்வதை வண்டியில் வரும் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரி மலையில் பனிப்புயலில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் காருக்குள்ளேயே இறந்துகிடந்தார்கள், குழந்தைகளும் உண்டு. குளிரோடு கார்பன் மோனாக்சைடும் காரணமாகச் சொல்லப்பட்டது. வண்டியைச் சுற்றிப் பனி குவியும்போது சைலன்சர் வாய் அடைபடும். ஹீட்டருக்காக எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால் புகை உள்ளே திரும்பும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூக்கம் வருவதுபோல்தான் இருக்கும். சிக்கிக்கொண்டால் முதலில் இறங்கி சைலன்சரைச் சுற்றியுள்ள பனியை வாரி அகற்றுங்கள். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டுங்கள். காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். கம்பளியும் ஒரு மண்வெட்டியும் டிக்கியில் இருக்கட்டும்.

மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி. இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும்.

2024 டிசம்பரில் மணாலிக்கு அருகிலுள்ள சோலாங்குக்கும் அடல் சுரங்கத்துக்கும் நடுவே நூற்றுக்கணக்கான வண்டிகள் பனியில் மாட்டின. சோலாங்கில் போலீஸ்காரர் வண்டியைத் திருப்பச் சொன்னால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். பயணத்திட்டத்தில் ஒரு நாளையாவது இதற்காகவே காலியாக விட்டு வையுங்கள்.