அடுக்களை மருந்து – 11: மொரப்பாக்காரர் கட்சி

மலையேறும் பஸ்களில் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கத் தொடங்கும் முன்பே இஞ்சி மொரப்பா விற்பவர் ஒரு சுற்று வந்துவிடுவார். பித்தம், வாந்தி, தலைசுற்றல் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே எல்லார் மடியிலும் ஆளுக்கொரு பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போவார். திரும்பி வரும்போது காசோ பாக்கெட்டோ ஏதாவது ஒன்று அவர் கைக்கு வந்தாக வேண்டும். பித்தத்தை விடுங்கள், அதை அளக்கக் கருவி இல்லை. மற்றபடி, இஞ்சியைப் பற்றி நாட்டில் உலவும் வைத்தியப் பேச்சுகளில் சோதனைக்கூடம் வரை போய் நன்றாகத் தேறி வந்தது இந்த மனிதரின் பேச்சுதான். சளிக்கு இஞ்சி, தொப்பைக்கு இஞ்சி என்பவர்களைவிட நான் இவர் கட்சி.

1982-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் மவ்ரி, கிளேசன் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பயணம் என்றாலே வயிறு புரட்டும் 36 கல்லூரி மாணவர்களைச் சேர்த்து, சிலருக்குச் சுக்குப்பொடி, சிலருக்கு வாந்தி மாத்திரையான டைமென்ஹைட்ரினேட், சிலருக்கு மருந்துக் குணமில்லாத பொடி கொடுத்துச் சுழலும் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அதிக நேரம் தாக்குப்பிடித்தவர்கள் சுக்குப்பொடிக்காரர்கள். 1988-ல் டென்மார்க்கில் கடற்படைப் பயிற்சி மாணவர்கள் 80 பேரிடம் நடுக்கடலில் இதையே செய்துபார்த்தபோது, ஒரு கிராம் சுக்குப்பொடியில் வாந்தியும் குளிர்ந்த வியர்வையும் குறைந்தன. குமட்டல் மட்டும் அவ்வளவாக அடங்கவில்லை. பிறகு வந்த சில நாற்காலிச் சோதனைகளில் இஞ்சி பலிக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பஸ் பயணத்தைவிட மசக்கையில்தான் இஞ்சிக்குச் சாட்சி பலமாக இருக்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதல், மசக்கைக் குமட்டலுக்கு மாத்திரை அல்லாத வழிகளில் ஒன்றாக இஞ்சியையும் குறிப்பிடுகிறது. இரைப்பையில் தேங்கும் உணவைச் சீக்கிரம் கீழே தள்ள இஞ்சி உதவுவது காரணங்களில் ஒன்று. விருந்துச் சாப்பாட்டில் இலையோரம் இஞ்சிப் பச்சடியையோ புளியிஞ்சியையோ வைத்தவர்கள் இதைக் கட்டுரை எழுதாமலே கண்டுபிடித்திருந்தார்கள்.

சளிக்கு அப்படிச் சாட்சி கிடையாது. மழைநாளில் சுக்கு மல்லி காப்பி குடித்தால் தொண்டை இதமாகிறது, மூக்கு ஒழுகி வழிவிடுகிறது, நெஞ்சில் சூடு பரவுகிறது. எல்லாம் நிஜம். ஆனால் அதில் பாதி வெந்நீரின் வேலை. மீதி, சூட்டை உணர நாக்கில் இருக்கும் நரம்பு முனைகளையே இஞ்சியின் காரமும் போய்த் தட்டுவதால் வருவது. மிளகாயும் மிளகும் தட்டுவது அதே கதவைத்தான். சளி தன் நாள் கணக்கை முடித்துக்கொண்டுதான் கிளம்பும். அதுவரைக்கும் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பியைவிட நல்ல துணை எனக்குத் தெரிந்து இல்லை. துணை என்றுதான் சொல்கிறேன், மருந்து என்று சொல்லவில்லை.

இஞ்சியும் சுக்கும் ஒரே கிழங்கானாலும் அடுக்களையில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட எந்தப் பாட்டியும் சம்மதிக்க மாட்டாள். அவள் பிடிவாதத்துக்கு வேதியியல் துணை நிற்கிறது. பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால். காயக்காய நீர் போய் அதில் ஒரு பங்கு ஷோகால் என்ற பொருளாக மாறுகிறது. ஷோகாலுக்குக் காரம் அதிகம். சுக்கு தொண்டையில் இறங்கும்போது அந்த வித்தியாசம் தெரியும். வெண்பொங்கலிலும் கறிக்குழம்பிலும் நெருப்பில் வேகும்போது இன்னொரு பங்கு ஜிஞ்சரோன் ஆகிறது. அதற்குக் காரம் குறைவு, வாசனையில் ஒரு தித்திப்பு உண்டு. ஆகவே நீர்மோருக்கும் துவையலுக்கும் பச்சை இஞ்சி, பானகத்துக்கும் தீபாவளி மருந்துக்கும் பிரசவ லேகியத்துக்கும் சுக்கு என்ற பங்கீடு வெறும் பழக்கமல்ல. சித்த வைத்தியத்தின் திரிகடுகத்தில் மிளகு, திப்பிலியோடு உட்கார்ந்திருப்பதும் சுக்குதான், இஞ்சி அல்ல.

சுக்கு செய்வது லேசான வேலை இல்லை. சமையலுக்கான இஞ்சியை ஆறாம் மாதத்திலேயே பறிக்கலாம். அப்போது நார் குறைவு, மொரப்பாவுக்கும் ஊறுகாய்க்கும் அதுதான் தோது. சுக்குக்கு எட்டு மாதமாவது மண்ணில் விட்டு முற்றவைக்க வேண்டும். தோண்டி எடுத்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, கூராகச் சீவிய மூங்கில் சிம்பால் தோலைச் சுரண்டுவார்கள். கத்தி வைத்தால் கறை பிடிக்கும். அதைவிட முக்கியமாக, இஞ்சியின் வாசனை எண்ணெய் தோலுக்குச் சற்று அடியிலேயே இருக்கிறது. ஆழமாகச் சீவினால் குப்பைக்குப் போவது தோல் மட்டுமல்ல. பிறகு ஒரு வாரத்துக்கு மேல் வெயில். நாலைந்து கிலோ பச்சை இஞ்சி காய்ந்தால் ஒரு கிலோ சுக்கு தேறும். உலகச் சந்தையில் இன்றும் கொச்சி சுக்கு, கோழிக்கோடு சுக்கு என்று ஊர்ப் பெயரோடுதான் பேசுகிறார்கள். விளைவிப்பவர்களின் பாடு வேறு. இஞ்சி போட்ட மண்ணிலேயே மறு வருஷமும் போட்டால் கிழங்கு அழுகல் நோய் பின்னாலேயே வந்துவிடும். அதனால் வயநாட்டு விவசாயிகள் குடகிலும் மைசூர்ப் பக்கத்திலும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, இஞ்சியோடு ஊர் ஊராக நகர்கிறார்கள்.

தோலைப் பற்றிப் பேசும்போது ‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்ற பழமொழியைத் தாண்ட முடியாது. சுக்கின் தோலையும் கடுக்காயின் கொட்டையையும் நீக்கச் சொல்கிறது அது. இஞ்சிச் சாற்றுக்கும் வீடுகளில் இதே எச்சரிக்கை உண்டு. துருவிப் பிழிந்த சாற்றை டம்ளரில் பத்து நிமிஷம் அசைக்காமல் வைத்தால் அடியில் வெள்ளையாக ஒரு படிவு இறங்கும். “அது நஞ்சு, கீழே கொட்டு” என்பார்கள் பெரியவர்கள். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துத் தேன் விட்டுக் கொடுப்பார்கள். அந்த வெள்ளை பெரும்பாலும் மாவுச்சத்து. கிழங்கு என்றால் மாவு இருக்கத்தானே செய்யும்? கொட்டினால் நஷ்டமில்லை, குடித்தாலும் ஒன்றும் ஆகாது. தோலில் எனக்குப் பயம் நஞ்சைப் பற்றி அல்ல, கணுக்களின் இடுக்கில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பற்றி.

மிளகுக் கட்டுரையைப் படித்த ஒரு வாசகி, தான் போடும் இஞ்சி டீ ஏன் அடிக்கடி திரிந்துபோகிறது என்று கேட்டிருந்தார். பால் மேல் பழி போட வேண்டாம். பச்சை இஞ்சியில் ஜிஞ்சிபெயின் என்றொரு நொதி உண்டு. பாலில் உள்ள புரதத்தை அது வெட்டித் திரைத்துவிடும். கொதிநீரில் அதன் ஆட்டம் முடிந்துபோகும். டீக்கடை மாஸ்டர்கள் நசுக்கிய இஞ்சியை டீத்தூளோடு தண்ணீரில் தளதளவெனக் கொதிக்கவிட்டு, அதற்கு அப்புறம்தான் பால் ஊற்றுகிறார்கள். காய்ந்துகொண்டிருக்கும் பாலில் பச்சை இஞ்சியைத் தட்டிப் போட்டால் கிடைப்பது டீ அல்ல. சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள்: கிண்ணத்தில் இஞ்சிச் சாறு, அதன் மேல் சர்க்கரை போட்டுச் சுடவைத்த பால். பால் கொதித்திருக்கக் கூடாது, கை பொறுக்காத சூடு போதும். கலக்காமல் சில நிமிஷம் விட்டால் கட்டித் தயிர்போல உறைந்துவிடும், ஸ்பூனால் வெட்டிச் சாப்பிடலாம். முற்றின இஞ்சியாக எடுக்க வேண்டும். சாறு பிழிந்த உடனே பாலை ஊற்ற வேண்டும். அது கிடந்தால் வீரியம் போய்விடும். ஆட்டுக்கறியில் இஞ்சி விழுதைப் பிரட்டி ஊறவைப்பதும் இதே நொதியை நம்பித்தான். முற்றிய ஆட்டுக்கு இது பெரிய உபகாரம். ஆனால் ராத்திரி முழுக்க ஊறவிட்டால் மேல்புறம் மட்டும் குழைந்து கறி பிசுபிசுக்கும், ஒரு மணி நேரம் தாராளம்.

வெறும் வயிற்றில் இஞ்சிச் சாற்றைக் கடகடவென விழுங்குவது இப்போது ஒரு மோஸ்தராகிவிட்டது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது வேண்டாத வேலை. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள், ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பவர்கள், இஞ்சி மாத்திரையோ தினசரிச் சாறோ எடுப்பதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சாம்பாரிலும் சட்னியிலும் விழும் அளவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. மசக்கைக்காரர்களும் அளவைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவது நல்லது. சர்க்கரை நோயாளிகள் மொரப்பாவின் பெயரில் மட்டும்தான் இஞ்சி முதலில் வருகிறது என்பதை நினைவில் வைக்கட்டும், எடையில் முதலிடம் சர்க்கரைக்கு.

(அடுத்த வாரம்: திப்பிலி)