எண்ணெய் தேட லைசென்ஸ் வாங்குவது எப்படி?

தமிழ்நாட்டில் எந்த ஊரிலாவது ஹைட்ரோகார்பன் என்ற பேச்சு எழுந்தால், பின்னாலேயே ஒரு சமாதானமும் வந்துவிடும். "இது வெறும் ஆய்வுதான், எடுக்கறதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்." இந்த 'வெறும் ஆய்வு' என்பதற்குச் சட்டத்தில் என்ன பொருள், அதற்கு யார் யாரிடம் கேட்டு யார் அனுமதி தர்றாங்க என்று படித்துச் சேர்த்த குறிப்புகள் இவை.

காஞ்சிபுரத்துக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எண்ணெய் என்றாலே நமக்கு நரிமணமும் கோவில்களப்பாலும்தான் நினைவுக்கு வரும். அது காவிரிப் படுகை. ஆனால் நம் காலடியிலும் ஒரு படுகை இருக்கு. பாலாற்றுப் படுகை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கிடைத்த தாவரப் புதைபடிவங்கள் புவியியல் படிக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை, டைனோசர் காலத்துப் படிவுகள். படிவுப்பாறை இருக்கிற இடத்திலெல்லாம் எண்ணெய் இருக்கும் என்று இல்லை. ஆனால் எண்ணெய் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது படிவுப்பாறையைத்தான்.

யார் சொத்து?

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், மத்தியப் பட்டியலின் 53-வது இனமாக எண்ணெய் வயல்கள் வருகின்றன. அதாவது இதைப் பற்றிச் சட்டம் போடுவது நாடாளுமன்றம். 1948-ல் எண்ணெய் வயல்கள் சட்டம் வந்தது, அதன் கீழ் 1959-ல் பெட்ரோலியம், இயற்கை எரிவாயு விதிகள் வந்தன. அறுபது வருஷத்துக்கு மேல் எல்லா லைசென்ஸும் இந்த விதிகளின்படிதான் கொடுக்கப்பட்டன.

அந்த விதிகளில் ஒரு முக்கியமான பிரிவினை உண்டு. கடலுக்கு அடியில் தேடுவது என்றால் லைசென்ஸ் தருவது மத்திய அரசு. நிலத்தில் தேடுவது என்றால் மத்திய அரசின் முன் ஒப்புதலோடு மாநில அரசு தரணும். "எல்லாம் டெல்லி முடிவு பண்ணிட்டாங்க, நாங்க என்ன செய்ய" என்று சென்னையில் சொன்னால் அது பாதி உண்மைதான். நிலத்தில் பேனா மாநிலத்தின் கையிலும் இருக்கு. கிடைக்கிற வருமானத்திலும் மாநிலத்துக்குப் பங்கு உண்டு. இப்போதைய கொள்கையின்படி நிலத்தில் எடுக்கும் கச்சா எண்ணெய்க்கு 12.5 சதவீதமும் எரிவாயுவுக்கு 10 சதவீதமும் ராயல்டி, அது மாநில அரசுக்குப் போகிறது.

கம்பெனி நடக்கும் பாதை

பழைய காலத்தில் ஓஎன்ஜிசிக்கு அரசே இடத்தை ஒதுக்கிக் கொடுத்துவிடும். 1999 முதல் நெல்ப் என்ற கொள்கையில், அரசு தொகுதிகளைப் பிரித்து ஏலம் விட்டது. 2016 மார்ச்சில் ஹெல்ப் என்ற புதிய கொள்கை வந்தது. இதில் இரண்டு பெரிய மாற்றங்கள்.

ஒன்று, ஒரே லைசென்ஸ். முன்பு எண்ணெய்க்கு ஒன்று, நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தது. இப்போது ஷேல் உட்பட எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றுதான். நம்ம ஊர்களில் மீத்தேன் என்ற பேச்சு போய் ஹைட்ரோகார்பன் என்ற பேச்சு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு, இடத்தைக் கம்பெனியே தேர்வு செய்யலாம். 2017-ல் தேசியத் தரவுக் களஞ்சியம் ஒன்றைத் திறந்தார்கள். பழைய நில அதிர்வு ஆய்வுகள், கிணற்றுப் பதிவுகள் எல்லாம் அதில் இருக்கு. கம்பெனி அதைப் பார்த்துத் தனக்கு வேண்டிய பரப்பை வரைந்து விருப்ப மனு கொடுக்கும். அப்புறம் அரசு அதே பரப்பை எல்லாருக்கும் பொதுவாக ஏலத்துக்கு விடும். மனு கொடுத்தவருக்கு மதிப்பெண்ணில் கொஞ்சம் சலுகை. யார் அதிக வேலைத் திட்டமும் அதிக வருவாய்ப் பங்கும் தருவதாகச் சொல்கிறார்களோ அவர்களுக்கு ஒப்பந்தம். 2018-ல் முடிந்த முதல் சுற்றில் நாடு முழுவதும் 55 தொகுதிகள், அதில் 41 வேதாந்தாவுக்குப் போனது. காவிரிப் படுகையில் மூன்று: இரண்டு வேதாந்தாவுக்கு, ஒன்று ஓஎன்ஜிசிக்கு.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் பத்திரிகையில் படம் வரும். ஊரே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும். ஆனால் முடியவில்லை. இன்னும் மூன்று கதவுகள் இருக்கு. மாநில அரசின் ஆய்வு லைசென்ஸ், சுற்றுச்சூழல் அனுமதி, கிணறு தோண்டப் போகும் இடத்தின் நிலம்.

லைசென்ஸுக்குள் ஒளிந்திருக்கும் குத்தகை

1959 விதிகளின்படி ஆய்வு லைசென்ஸ் முதலில் நான்கு வருஷத்துக்குக் கொடுக்கப்பட்டது, பிறகு நீட்டிப்பு. இந்தக் காலத்தில் நில அதிர்வு ஆய்வு செய்யலாம், சோதனைக் கிணறு தோண்டலாம். ஆய்வுக் கிணறு என்றதும் மண் மாதிரி எடுக்கிற சின்னத் துளை என்று நினைச்சுடக் கூடாது. அதுவும் முழு ரிக் வைத்து, நிலத்தடி நீர் மட்டங்களைத் தாண்டி, ஆயிரக்கணக்கான மீட்டர் இறங்குகிற கிணறுதான். எஃகுக் குழாய், சிமென்ட், துளையிடும் சேறு, அதைக் கொட்டும் குழி, எரிவாயு வந்தால் எரித்துப் பார்க்கும் சோதனை எல்லாம் இதிலும் உண்டு.

அதைவிட முக்கியம், 7-வது விதி. லைசென்ஸ் வாங்கியவருக்கு அந்தப் பரப்பில் தனக்கு வேண்டிய பகுதிக்கு உற்பத்திக் குத்தகை பெறும் தனியுரிமை உண்டு என்று அது சொன்னது. அந்த விதிகளில் அந்தக் குத்தகை 20 வருஷத்துக்கு இருந்தது. எங்க ஊர்க் கணக்கில் சொன்னால், பாவும் ஜரிகையும் கொடுத்த முதலாளிக்குத்தான் சேலை. தறியில் இருக்கும்போது வேறு யார் வந்து விலை கேட்டாலும் கிடையாது. ஆய்வு லைசென்ஸும் அப்படித்தான். அதில் கையெழுத்துப் போடும் நாளிலேயே, கிடைத்தால் யார் எடுப்பது என்பதும் முடிவாகிவிடுகிறது.

2025 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தில் சுரங்கக் குத்தகை என்ற பெயர் பெட்ரோலியக் குத்தகை என்று மாறியது. தேடுவதிலிருந்து எடுத்து விற்பது வரை அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். சட்டம் இரண்டையும் ஒரே தொடராகத்தான் பார்க்கிறது.

இப்போது இதோடு இன்னொன்றைச் சேர்த்துப் பாருங்கள். 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், நிலத்தில் எண்ணெய் தேடுவதும் எடுப்பதும் 'ஏ' பிரிவில் இருந்தன. 2020 ஜனவரி 16-ல் வந்த திருத்தம் தேடுவதை மட்டும் 'பி2' பிரிவுக்கு மாற்றியது. பி2 என்றால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. மாநில அளவிலான ஆணையமே அனுமதி தரலாம். உற்பத்திக்கு வரும்போதுதான் கூட்டம். கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிற நாடு வேகமாகத் தேட நினைப்பதில் நியாயம் இருக்கு. ஆனால் கிணறு தோண்டி, கோடிக்கணக்கில் செலவழித்து, எண்ணெயும் கண்டுபிடித்த பிறகு "வேண்டாம்" என்று சொல்லும் ஊரின் குரலுக்கு எவ்வளவு எடை இருக்கும்? கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

எந்தக் கதவில் நின்றது?

மன்னார்குடியைச் சுற்றி 691 சதுர கிலோமீட்டருக்கு கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜிக்கு 2010-ல் மீத்தேன் ஒப்பந்தம் கிடைத்தது. மாநில அரசும் முதலில் உடன்பட்டது. பிறகு எதிர்ப்பு வலுத்தது, நம்மாழ்வார் தன் கடைசி நாட்களை அந்தப் பிரச்சாரத்தில்தான் கழித்தார். மாநிலம் நிபுணர் குழு வைத்து, 2015-ல் திட்டத்தை மறுத்தது. இங்கே நிறுத்தியது மாநிலத்தின் பேனா.

நெடுவாசலில் 2017-ல் ஜெம் லேபரட்டரீஸ் ஒப்பந்தம் போட்டது. ஓஎன்ஜிசி பெயரில் இருந்த குத்தகையை மாநில அரசு மாற்றித் தராததால் அது காகிதத்திலேயே நின்றது.

நம் பாலாற்றுப் படுகையின் கடல் பகுதியில் கெய்ர்ன் இந்தியாவிடம் ஒரு தொகுதி இருந்தது. அங்கே தடை போட்டது விவசாயியும் இல்லை, மாநிலமும் இல்லை. பக்கத்தில் ஸ்ரீஹரிகோட்டா. விண்வெளித் துறையின் ஆட்சேபத்தால் வேலை வருஷக்கணக்கில் முடங்கியது.

2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும், கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களிலும் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுத்தது. ஏற்கெனவே இருந்த கிணறுகளை அது தொடவில்லை. மண்டலத்துக்கு வெளியே இருக்கும் ராமநாதபுரத்துக்கும் அது பொருந்தாது. அங்கே 20 ஆய்வுக் கிணறுகளுக்கு 2025 மார்ச்சில் ஓஎன்ஜிசிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. ஊருக்கு விஷயம் தெரிந்து பரபரப்பானது ஆகஸ்டில். அதன் பிறகுதான் மாநில அரசு, அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லியிருப்பதாக அறிவித்தது. மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை இருந்த அந்த இடைவெளிக்குப் பெயர்தான் பி2.

ஆகவே உங்கள் ஊர்ப் பக்கம் இப்படிப் பேச்சு வந்தால், "எடுக்கப் போறாங்களா?" என்பது முதல் கேள்வி இல்லை. ஒப்பந்தம் யார் பெயரில், எத்தனை சதுர கிலோமீட்டர்? மாநிலத்திடம் ஆய்வு லைசென்ஸ் கேட்டாச்சா, கொடுத்தாச்சா? சுற்றுச்சூழல் அனுமதிக்கு எந்தப் பிரிவில் மனு போயிருக்கு? மனுக்கள் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் மாவட்டம், சர்வே எண் வரை இருக்கும், யாரும் பார்க்கலாம். கனிமவளத் துறையிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். வேண்டும் என்று நினைப்பவரும் வேண்டாம் என்று நினைப்பவரும் பேச வேண்டிய இடம் 'வெறும் ஆய்வு' என்று சொல்லப்படும் இந்தக் கட்டம்தான்.