குசினிக்குள் நுழைந்த கமரா
மலையாள சினிமாவில் பெண்ணும் சமூகமும்

சினிமா ஒரு சமூகத்தின் கண்ணாடி என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் நாம் பார்த்துப் பழகிய பல படங்களில் கதாநாயகனின் தெருவும் சண்டையும் தெரிகின்றனவே தவிர, வீட்டின் உட்புறம் தெரிவதில்லை. ஒரு பெண் எத்தனை மணிக்கு எழும்புகிறாள், குசினியில் எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்பன கதைக்குத் தேவையற்ற விடயங்களாகவே கருதப்பட்டு வந்துள்ளன. இந்த வகையில் மலையாள சினிமா சற்று வேறுபட்டது எனலாம்.

கேரளம் கல்வியில் முன்னேறிய மாநிலம். 2011 ஆம் ஆண்டுச் சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு நூற்றுக்கு 94 பேர் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள். ஆயிரம் ஆண்களுக்கு 1084 பெண்கள் வாழ்கின்றனர். இவ்வாறான ஒரு சமூகத்தில் பெண்ணின் நிலை உயர்ந்திருக்கும் என்றே நாம் எண்ணுவோம். அந்த எண்ணம் முழுமையாகச் சரிதானா என்று கேட்பவை அந்த மண்ணின் திரைப்படங்களே.

தகழி சிவசங்கரப் பிள்ளையின் நாவலைத் தழுவி ராமு காரியட் இயக்கிய 'செம்மீன்' 1965 இல் வெளிவந்தது. இந்திய ஜனாதிபதியின் தங்கப் பதக்கத்தைப் பெற்ற முதலாவது தென்னிந்தியப் படம் இதுவாகும். கடலுக்குச் சென்ற கணவன் உயிரோடு திரும்புவது கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் தங்கியுள்ளது என்ற மீனவ மக்களின் நம்பிக்கையே இதன் அடித்தளம். புயலுக்கும் பெண்தான் பொறுப்பு! கடற்கரை வாழ்வின் அழகோடு, அவ்வாழ்வு பெண்ணின் தலையில் ஏற்றிய சுமையையும் அப்படம் காட்டியது.

2017 இல் மகேஷ் நாராயணன் இயக்கிய 'டேக் ஓஃப்' வேறொரு சுமையைக் காட்டியது. 2014 இல் ஈராக்கின் திக்ரித் நகரில் யுத்தத்துக்குள் சிக்கிக்கொண்ட கேரளத் தாதியரின் அனுபவமே அப்படத்துக்கு ஆதாரம். வெளிநாட்டில் உழைத்து வீட்டைத் தாங்கும் பெண், தன் சொந்த வாழ்வைத் தீர்மானிக்கும்போது மட்டும் மற்றவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜியோ பேபி இயக்கி 2021 இல் வெளிவந்த 'த கிரேட் இந்தியன் கிச்சன்' இன்னும் நெருங்கி வந்தது. இது தமிழிலும் 2023 இல் மீண்டும் எடுக்கப்பட்டது. புதிதாகத் திருமணமான பெண் காய் வெட்டுகிறாள், அரைக்கிறாள், பரிமாறுகிறாள், எச்சில் மேசையைத் துடைக்கிறாள். மறுநாளும் அதுவே. சோறு விறகடுப்பில்தான் வேக வேண்டும் என்கிறார் மாமனார். கணவனோ குடும்பம் என்றால் என்ன என்று வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியர். மாமியார் முதுகலைப் பட்டம் பெற்றவர். ஆனாலும் வீட்டோடு இருக்கும்படி சொல்லப்பட்டவர். சமூகவியல் படித்த எனக்கு இந்த இடம்தான் மிகவும் உறைத்தது. கல்வி வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் குசினிக்குள் யார் நிற்பது என்பதை அது மாற்றவில்லை.

நாங்கள் பணியாற்றும் பெண்கள் குழுவொன்றுக்கு இதன் மலையாளப் படத்தைப் போட்டுக் காட்டினோம். மொழி விளங்காத இடங்களில் விளக்கம் சொல்ல நான் ஆயத்தமாக இருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. படத்தில் பாத்திரம் கழுவும் தொட்டியின் கழிவுநீர்க் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும். மனைவி பலமுறை சொல்லியும் கணவன் ஆளைக் கூப்பிட மாட்டான். படம் முடிந்ததும் ஒரு அம்மா, "எங்கட வீட்டுக் குழாயும் ஒழுகுது பிள்ளை. நானும் ஆறு மாசமாச் சொல்லுறன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு வெகுநேரம் கதைத்தோம்.

ஆனால் பிறரைக் காட்டும் கண்ணாடி தன்னைக் காட்டாது. மலையாளத்தின் முதலாவது படமான 'விகதகுமாரன்' என்ற ஊமைப் படத்தின் கதாநாயகி பி.கே. ரோசி, தலித் பெண். அவர் நாயர் குலப் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காத உயர்சாதியினர் கலகம் செய்தனர். அவர் ஊரை விட்டுத் தப்பியோடித் தமிழ்நாட்டில் மறைந்து வாழ நேர்ந்தது.

அது பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2017 இல் ஒரு நடிகை கடத்தப்பட்டுப் பாலியல் வன்முறைக்கு உள்ளான பின்னர், திரைத்துறைப் பெண்கள் ஒன்றிணைந்து தமக்கென ஓர் அமைப்பை உருவாக்கினர். அவர்களது கோரிக்கையின் பேரில் மாநில அரசு நீதிபதி ஹேமா தலைமையில் குழுவொன்றை நியமித்தது. 2019 டிசம்பரில் கையளிக்கப்பட்ட அறிக்கை 2024 ஆகஸ்டில்தான், அதுவும் சில பகுதிகள் நீக்கப்பட்டு வெளிவந்தது. பாலியல் தொல்லை முதல் படப்பிடிப்புத் தளத்தில் கழிப்பறை இல்லாமை வரை அதில் கூறப்பட்டுள்ளது. பெண்ணின் துயரத்தைத் திரையில் சொன்ன துறை, தன்னிடம் வேலை செய்த பெண்ணின் துயரத்தை இத்தனை காலம் கேட்கவில்லை.

ஆகவே சகோதரிகளே, நல்ல படத்தைப் பாராட்டுவோம். அதோடு நின்றுவிடாமல், அதை எடுத்த இடத்தில் பெண்கள் எவ்வாறு நடத்தப்பட்டார்கள் என்றும் கேட்போம். படம் முடிந்து விளக்கைப் போட்டதும், எமது வீட்டில் ஒழுகும் குழாயைத் திருத்துவது யார் பொறுப்பு என்பதையும் வீட்டிலுள்ளவர்களோடு கதைப்போம்.