கில்ட்டும் மலையும்: எது வேஷம்?

ஊர் சுற்ற ஓர் உடை – 6

கோடையில் ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைநாட்டைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களில் சிலர் கில்ட் என்ற ஆண்களின் மடிப்புப் பாவாடையை அணிந்தே ஊர் சுற்றுகிறார்கள். எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் மலிவான செயற்கை நூல் கில்ட் வாங்கியவர்கள் உண்டு. அளவு கொடுத்து, எட்டு கஜம் கம்பளித் துணியில் பின்பக்கம் நெருக்கமாகக் கொசுவம் வைத்துத் தைத்துக்கொண்டவர்களும் உண்டு. கல்யாணத்துக்குக் கில்ட் வாடகைக்கு விடும் கடையில் எடுத்து வருபவர்களும் உண்டு. கிளென்கோ பள்ளத்தாக்கின் முன்னால் இவர்கள் படம் எடுத்துக்கொள்ளும்போது, விஷயம் தெரிந்தவர்கள் ஓரமாக நின்று சிரிப்பார்கள். மலை அசல், இடுப்பில் இருப்பது வேஷம் என்பது அந்தச் சிரிப்பின் பொருள். சென்ற வாரம் கியோட்டோவின் வாடகைக் கிமோனோவுக்குச் சொன்ன நியாயம் இங்கே பொருந்தாது. கிமோனோவை யாரும் போலி என்பதில்லை. அணிபவரைத்தான் வெளியாள் என்கிறார்கள். கில்ட் விஷயத்தில் உடையே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. அந்தக் கூண்டில் மலையையும் ஏற்றி நிறுத்த வேண்டும் என்பதுதான் என் வாதம்.

கில்ட்டின் மீது குற்றப்பத்திரிகை எழுதியவர் ஆங்கில வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர். மரபுகள் எப்படிப் புதிதாக உண்டாக்கப்படுகின்றன என்பதைப் பற்றி 1983இல் வெளிவந்த கட்டுரைத் தொகுப்பில் அவர் இப்படி வாதிட்டார்: பழைய ஹைலேண்ட் ஆண்கள் உடுத்தியது ஒரே நீளக் கம்பளித் துணி, இடுப்பில் வாரால் இறுக்கி, கீழ்ப்பாதியை மடிப்பாகவும் மேல்பாதியைப் போர்வையாகவும் விட்டுக்கொண்டார்கள். இன்றைய குட்டைக் கில்ட்டை உண்டாக்கியவர் தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர். 1720களின் பிற்பகுதியில் இன்வெர்காரியில் இரும்பு உலை நடத்திய அவர், உலையடியிலும் மரம் வெட்டும் இடத்திலும் அந்த நீளத்துணி ஆட்களுக்கு இடைஞ்சலாக இருந்ததால் மேல்பாதியை வெட்டிவிடச் செய்தார். 1785இல் அச்சான ஒரு கடிதம்தான் இந்தக் கதைக்கு ஆதாரம். ராலின்சனுக்கு முன்பே குட்டைக் கில்ட் இருந்தது என்று மறுப்பவர்கள் உண்டு. நீளத்துணிக்கோ 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுத்துச் சான்று இருக்கிறது. இருந்த துணியைப் பாதியாக்கியதைப் புதுக் கண்டுபிடிப்பு என்பது கொஞ்சம் அதிகம். ஆனாலும் கதையை முழுதாகவே ஏற்றுக்கொள்கிறேன். ஏனென்றால் கில்ட்டைக் கேலி செய்கிறவர்கள் தாண்டிப் போகும் ஒரு செய்தி அதில் இருக்கிறது. ஓர் ஆங்கிலேய இரும்பு வணிகருக்கு அந்த மலைக்காட்டில் என்ன வேலை? உலைக்குக் கரி வேண்டும். அதற்காக கிளென்காரி குலத்தலைவரின் காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். துணியில் கத்தரி விழுந்த இடத்திலேயே காட்டில் கோடரியும் விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்தவையும் இப்படியே ஜோடியாக வருகின்றன. 1746 ஏப்ரலில் கலோடன் போரில், ஆட்சியிழந்த ஸ்டூவர்ட் வம்சத்துக்காக எழுந்த ஹைலேண்ட் படை தோற்றது. அந்த ஆண்டே ஹைலேண்ட் உடைக்குத் தடைச்சட்டம் வந்தது: முதல் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை, மறுபடி பிடிபட்டால் ஏழாண்டு நாடு கடத்தல். ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. தடை நீங்கியது 1782இல்தான். அதற்கு முந்தைய ஆண்டு, ஹைதர் அலிக்கு எதிராக நம் பரங்கிப்பேட்டையில் நடந்த போரில் ஒரு ஹைலேண்ட் படைப்பிரிவு கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தது. ஆட்களைப் பிடித்துப் போருக்கு அனுப்ப ஆகிவந்த உடை, அவர்கள் ஊரில் குற்றமாக இருந்தது. 1822இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் விழாவுக்குப் பொறுப்பேற்று ஊரையே டார்ட்டன் என்ற கட்டம்போட்ட துணியில் மூழ்கடித்தார். பருத்த மன்னர், கில்ட்டுக்குக் கீழே தோல் நிறக் காலுறை மாட்டிக்கொண்டு நின்றார். எந்தக் குலத்துக்கு எந்தக் கட்டம் என்ற பட்டியல் உறுதிப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். பானக்பர்ன் ஊரின் வில்சன் நெசவு நிறுவனத்துக்கு அதில் நல்ல வியாபாரம்.

அந்தத் தலைமுறையில் கில்ட்டை எல்லோரையும்விட ஆடம்பரமாக அணிந்தவர் அதே கிளென்காரியின் தலைவர் அலஸ்டர் மக்டொனெல். 1815இல் 'உண்மை ஹைலேண்டர்' சங்கம் ஒன்றைத் தொடங்கியவர். ஹென்றி ரேபர்ன் தீட்டிய அவருடைய முழு உருவப் படம் எடின்பரோ தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது: டார்ட்டன், துப்பாக்கி, சுவரில் கேடயம். அந்தப் படத்தில் இல்லாதவர்கள் அவருடைய குடியானவர்கள். ஆட்டுப் பண்ணைக்காரர்கள் கூடுதல் குத்தகை தந்ததால், அவரும் அவருக்கு முன் அவர் குடும்பமும் சொந்தக் குலத்தாரையே நிலத்திலிருந்து எழுப்பினார்கள். அவர்களில் பலர் கனடாவுக்குக் கப்பலேறினார்கள். இவர் மட்டும் விதிவிலக்கில்லை. சதர்லாந்தில் 1814இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கின் வீடுகள் கொளுத்தப்பட்டன. அந்தப் பகுதியின் நிலச்சுவான்தாருக்கு மலையுச்சியில் வைத்த பிரம்மாண்டச் சிலையை கோல்ஸ்பி ஊருக்கு மேலே இன்றும் பார்க்கலாம். மனிதர் போய் ஆடு வந்தது. பிற்பாடு ஆட்டிலும் லாபம் குறைந்தபோது, பணக்காரர்கள் வேட்டையாட மான்களுக்காக நிலம் ஒதுக்கப்பட்டது. ஆடும் மானும் மேயும் சரிவில் மரக்கன்று தலையெடுக்க முடியாது. விக்டோரியா அரசியின் குடும்பம் 1852இல் பால்மோரல் மாளிகையை வாங்கியதும், தாமஸ் குக் 1846 முதல் உல்லாசப் பயணிகளை ஸ்காட்லாந்துக்கு அழைத்து வந்ததும் இந்த வெறுமைக்குள்தான். வந்தவர்கள் அதற்கு 'கன்னி இயற்கை' என்று பெயர் வைத்தார்கள்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். மலை மொட்டையானதற்கு நிலச்சுவான்தார்கள் மட்டும்தான் காரணமா என்பது முதலாவது. இல்லைதான். ஈரமும் குளிரும் கரிச்சேறும் பல ஆயிரம் ஆண்டுகளாகக் காட்டைச் சுருக்கி வந்திருக்கின்றன. 1846இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிய பஞ்சத்தில் பலர் தாமாகவே ஊரைவிட்டார்கள். ஆனால் குளிரும் சேறும் வீட்டுச் சுவரைக் கட்டுவதில்லை. ஆளற்ற பள்ளத்தாக்குகளில் புல்லுக்கடியில் கல் அடித்தளங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. மலைநாட்டின் தோற்றத்தில் மனிதக் கை எவ்வளவு என்பதற்கு கிளென்காரியே இன்னொரு சாட்சி. சாலையோரக் காட்சிமுனையிலிருந்து பார்த்தால் காரி ஏரி ஸ்காட்லாந்து வரைபடம் போலவே தெரிகிறது என்று வண்டிகள் நிற்கின்றன. 1950களில் மின் உற்பத்திக்காக அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்திய ஏரி அது.

அப்படியானால் வேஷத்தைக் கழற்றிவிட வேண்டியதுதானே என்பது இரண்டாவது மறுப்பு. இதை ஏற்க மாட்டேன். வெளியூர்க்காரர் கில்ட் அணிவதற்கு எந்தச் சட்டத்தடையும் இல்லை; அரச குடும்பத்துக்கென்று வைத்திருக்கும் பால்மோரல் கட்டத்தைத் தவிர்த்தால் போதும். தடையையும் ராணுவத்தையும் ராஜ விழாவையும் தாண்டி வந்த உடை, யாரோ ஒரு சுற்றுலாப் பயணியின் இடுப்பில் ஏறியதால் கெட்டுப்போகாது. கில்ட்டுக்காவது தான் யாரால் தைக்கப்பட்டது என்று சொல்ல முடியும். மலை அதைச் சொல்வதில்லை. எனக்கு எரிச்சலூட்டுவது, கில்ட்டுக்குச் சான்றிதழ் கேட்பவரே கேமராவைத் திருப்பி 'மனிதன் கால் படாத இடம்' என்று குறிப்பு எழுதுவதுதான்.

கிளென்காரி குடும்பத்தின் கதைக்கு ஒரு கடைசிப் பகுதி உண்டு. அலஸ்டரின் மகன் கடனால் கிளென்காரியை விற்றுவிட்டார். கடலோர நொய்டார்ட் மட்டும் கையில் நின்றது. 1853இல் அவருடைய விதவை அங்கிருந்த குடியானவர்களில் முந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கனடாவுக்குக் கப்பலேற்றினார். ஏற மறுத்தவர்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. 1948இல் ஏழு பேர் அந்த மண்ணில் துண்டு நிலம் கேட்டு முளையடித்து, நீதிமன்றத்தில் தோற்றார்கள். 1999இல் ஊர்மக்களை உள்ளடக்கிய ஓர் அறக்கட்டளை சுமார் 17,000 ஏக்கரை விலைக்கு வாங்கியது. இப்போது அங்கே மான்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி மரம் வளர்க்கிறார்கள்.

நொய்டார்ட்டுக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. ஹாரி பாட்டர் படத்தால் பிரபலமான கிளென்ஃபினன் பாலத்தின் மேல் போகும் நீராவி ரயில் மாலேக் துறைமுகத்தில் முடிகிறது. கில்ட் அணிந்த பயணிகளில் பெரும்பாலோர் அங்கே மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு அதே ரயிலில் திரும்பிவிடுகிறார்கள். அதே ஊரிலிருந்துதான் நொய்டார்ட்டின் இன்வெரீ கிராமத்துக்குப் படகு புறப்படுகிறது. போகிறவர்கள் ஒரு நாளை அதற்கு ஒதுக்குங்கள். கில்ட்டோடே போகலாம், கோடையில் கொசுவைவிடச் சிறிய மிட்ஜ் பூச்சி முழங்காலைப் பதம் பார்க்கும் என்பதால் மருந்து மட்டும் தடவிக்கொள்ளுங்கள்.