தொட்டிச் சோதனையும் அதன் அறிக்கையும்

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நம் மலரின் ஆசிரியர் பல முறை கேட்டுவிட்டார். நான் சிவில் டிப்ளமோ படித்து, ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பாலம், தண்டவாளம், மண் கரை இவைதான் எனக்குத் தெரிந்த பாடங்கள். ஆனாலும் இந்த முறை எழுதப்போவது கேழ்வரகுப் பயிரைப் பற்றி. காரணம், பதினோராம் வகுப்பு படிக்கும் என் பேத்தி.

அவளுக்குப் பள்ளியில் ஒரு செயல்திட்டம் கொடுத்திருந்தார்கள். மண்புழு உரம் இட்டால் கேழ்வரகு எவ்வளவு கூடுதலாக வளர்கிறது என்று தொட்டியில் வளர்த்துப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். வைட்ஃபீல்டில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் பன்னிரண்டு தொட்டிகள் வந்து இறங்கின. இன்று அடுக்குமாடியும் கணினி நிறுவனங்களுமாக இருக்கும் இந்த வட்டாரத்துச் செம்மண் ஒரு காலத்தில் கேழ்வரகு விளைந்த மண்தான். ஆகவே பயிருக்கு ஊர் புதிதல்ல. அறிக்கை எழுதுவதுதான் அவளுக்குப் புதிது.

"தாத்தா, நீங்கள்தான் எத்தனையோ ரிப்போர்ட் எழுதியிருக்கிறீர்களே, சொல்லிக் கொடுங்கள்" என்றாள். சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தவன் நான். கடைசியில் பாடம் படித்தவனும் நானே. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு பழைய தொட்டி

தொட்டிச் சோதனை என்பது நேற்று வந்ததல்ல. இன்றைய பெல்ஜியத்தில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட் என்ற மருத்துவர் செய்த சோதனை, அவர் காலமான பிறகு 1648இல் வெளியான அவரது நூலில் இருக்கிறது. அடுப்பில் உலர்த்திய மண்ணை 200 ராத்தல் எடை போட்டு ஒரு தொட்டியில் நிரப்பினார். அதில் 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். மழை நீர் அல்லது வடித்த நீர் மட்டுமே ஊற்றினார். வெளியிலிருந்து தூசி விழாதிருக்கத் துளையிட்ட தகடு போட்டுத் தொட்டியை மூடினார். ஐந்து ஆண்டுகள் கழித்து மரத்தின் எடை 169 ராத்தலும் சுமார் 3 அவுன்சும். மண்ணை மறுபடி உலர்த்தி எடை போட்டார். குறைந்தது சுமார் 2 அவுன்ஸ்தான்! ஆகவே கூடிய 164 ராத்தல் மரமும் தண்ணீரிலிருந்தே வந்தது என்று முடிவு கட்டினார்.

இந்த முடிவு தவறு என்பது இன்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மரத்தின் உலர்ந்த எடையில் பெரும் பகுதி காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்தும் நீரிலிருந்தும் வருகிறது. சுவிட்சர்லாந்து நாட்டு டி சொசூர் 1804இல் வெளியிட்ட ஆய்வில்தான் இது அளவுகளோடு தெளிவாயிற்று. வான் ஹெல்மான்ட் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அந்தச் சிறு மண் குறைவும் அற்பமானதல்ல. மண்ணிலிருந்து செடி எடுத்துக்கொள்ளும் தழை, மணி, சாம்பல் சத்துக்கள் அளவில் குறைவு. ஆனால் அவை இல்லாமல் பயிர் இல்லை.

முடிவு தவறாயிருந்தும் முந்நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சோதனையை உலகம் பேசுவது ஏன்? அவர் மண்ணை உலர்த்தியதை எழுதினார், என்ன நீர் என்று எழுதினார், மூடியை எழுதினார். எல்லாவற்றுக்கும் மேலாக, நான்கு இலையுதிர் காலங்களில் உதிர்ந்த இலைகளை எடை போடவில்லை என்பதையும் எழுதினார். செய்யாமல் விட்டதையும் சொன்னதால்தான் பின்னால் வந்தவர்கள் அவருடைய எண்களை நம்பி, அவருடைய முடிவைத் திருத்த முடிந்தது. முடிவு தவறலாம், அறிக்கை தவறக்கூடாது. இந்த ஒன்றைத்தான் பேத்திக்கு முதலில் சொன்னேன்.

அறிக்கையின் பகுதிகள்

தலைப்பு: "கேழ்வரகு வளர்ச்சி" என்று மட்டும் போட்டால் போதாது. எந்தப் பயிர், எதை மாற்றிப் பார்த்தோம், எதை அளந்தோம் என்ற மூன்றும் தலைப்பிலேயே தெரிய வேண்டும். அவள் கடைசியில் எழுதியது: "தொட்டியில் வளர்த்த கேழ்வரகின் 45 நாள் உலர் எடையில் மண்புழு உரத்தின் விளைவு."

நோக்கம்: இரண்டு மூன்று வரி போதும். கேள்வி என்ன, என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தோம் என்பதைச் சோதனை தொடங்குமுன்பே எழுதி வைக்க வேண்டும். பரீட்சை முடிந்தபின் வினாத்தாளைத் திருத்தக் கூடாதல்லவா?

செயல்முறை: இதுதான் அறிக்கையின் அஸ்திவாரம். படிக்கிறவர் இதை மட்டும் வைத்துக்கொண்டு அதே சோதனையைத் தம் வீட்டில் செய்ய முடிய வேண்டும். "கொஞ்சம் உரம்", "தேவையான தண்ணீர்" என்ற சமையல் குறிப்பு மொழி உதவாது. தொட்டிக்கு 5 கிலோ சலித்த செம்மண். நான்கு தொட்டிகளில் வெறும் மண், நான்கில் 50 கிராம் உரம், நான்கில் 100 கிராம் உரம். தொட்டிக்கு மூன்று செடிகள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தண்ணீர். 45ஆம் நாள் தண்டும் இலையும் அறுத்து, 70 டிகிரி சூட்டில் எடை மாறாத வரை உலர்த்தி, பள்ளித் தராசில் எடை.

"ஒரு வகைக்கு ஒரு தொட்டி போதாதா தாத்தா?" என்று கேட்டாள். போதாது. இரண்டு தொட்டிகளில் ஒன்று நன்றாக வளர்ந்தால் அது உரத்தாலா, நல்ல விதையாலா என்று யார் சொல்வது? வெறும் மண் தொட்டிகள் நான்கும் தங்களுக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று தெரிந்தால்தான், உரத்தொட்டியின் வேறுபாடு பெரிதா சிறிதா என்று சொல்ல முடியும்.

எந்தத் தொட்டியை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். மாடியில் ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டியின் நிழல், மறுபக்கம் கைப்பிடிச் சுவர். உரத்தொட்டிகளையெல்லாம் வெயில் பக்கம் வைத்தால் உரம் ஜெயித்ததா, வெயில் ஜெயித்ததா? இதற்கு வழி சீட்டுக் குலுக்கிப் போடுவதுதான். இங்கிலாந்தில் 1843இல் தொடங்கிய ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919இல் சேர்ந்த ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர், இப்படிக் குலுக்கிப் போடுவதைச் சோதனையின் ஓர் அங்கமாகவே ஆக்கினார். சோதனைகளை அமைப்பது பற்றி அவர் எழுதிய நூல் 1935இல் வந்தது. எங்கள் வீட்டில் பன்னிரண்டு சீட்டை என் மனைவியின் அஞ்சறைப் பெட்டி மூடியில் போட்டுக் குலுக்கினோம். பன்னிரண்டாம் இடம், அதாவது சுவரோரக் கடைசி இடம், ஒரு 100 கிராம் தொட்டிக்கு விழுந்தது.

கண்டவை: இங்கே எண்கள் மட்டுமே வர வேண்டும். ஏன், எதனால் என்ற பேச்சு அடுத்த பகுதிக்கு. சராசரியை மட்டும் கொடுக்காமல் ஒவ்வொரு தொட்டியின் எடையையும் தர வேண்டும். அவளுடைய அட்டவணை இது (தொட்டிக்கு உலர் எடை, கிராமில்):

வெறும் மண்: 6.2, 5.8, 6.6, 6.2, சராசரி 6.2
50 கிராம் உரம்: 8.9, 9.3, 8.5, 8.9, சராசரி 8.9
100 கிராம் உரம்: 9.6, 10.0, 9.2, 4.0, சராசரி 8.2

கடைசி எண்ணைப் பாருங்கள். அதுதான் பன்னிரண்டாம் தொட்டி.

தட்டு வந்த கதை

பேத்தியின் முகம் வாடிவிட்டது. "தாத்தா, இந்த ஒன்றை விட்டுவிட்டால் சராசரி 9.6 ஆகிறது. உரம் கூடக் கூட வளர்ச்சி கூடுகிறது என்று அழகாக வரும். பன்னிரண்டாம் தொட்டியில் ஏதோ பூச்சி என்று எழுதிவிடட்டுமா? பதினொரு தொட்டி என்று போட்டாலும் யாருக்குத் தெரியும்?"

யாருக்குத் தெரியும் என்ற சொல் என்னைச் சுட்டது. ஏனென்றால் எனக்குத் தெரியும்.

நட்டு இருபது நாள் இருக்கும். மாடியிலிருந்து செம்மண் தண்ணீர் தம் பால்கனிச் சுவரில் வழிகிறது என்று கீழ் வீட்டுக்காரர் சொன்னார். நியாயமான குறை. நான் ஒரு பழைய எவர்சில்வர் தட்டை எடுத்துப் போய்ச் சுவரோரத் தொட்டியின் அடியில் வைத்தேன். பேத்தியிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. வடிய வேண்டிய நீர் தட்டில் நின்றது. அடி மண் எந்நேரமும் சொதசொதவென்று இருந்திருக்கும். வேருக்கும் மூச்சுக் காற்று வேண்டும். மண்ணின் துளைகளில் நீர் நிறைந்துவிட்டால் காற்று போக வழியில்லை. வேர் அழுகும், செடி மஞ்சளித்து நின்றுவிடும். வடிகால் இல்லாத ரயில் கரை என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், வீட்டு மாடியில் வடிகாலை அடைத்து வைத்தேன்.

அவளிடம் ஒப்புக்கொண்டேன். கோபம் வந்தது, அரை நாள் பேசவில்லை. அன்று மாலை அவளுக்கு இன்னொன்றும் சொன்னேன். இதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லாதது.

பணியில் சேர்ந்த புதிதில் என் பொறுப்பில் ஒரு சிறு பாலம் இருந்தது. தூணில் ஒரு விரிசல். அதன் குறுக்கே தேதி எழுதிய கண்ணாடித் துண்டை ஒட்டி வைப்பது வழக்கம். விரிசல் அகன்றால் கண்ணாடி உடையும். ஒரு முறை மழைக்கு முந்தைய பரிசோதனையில் நான் கீழே இறங்கிப் பார்க்கவில்லை. பதிவேட்டில் போன முறை எழுதியதைப் பார்த்து "மேற்படி" என்று எழுதிவிட்டேன். அடுத்து வந்தவர் பார்த்தபோது கண்ணாடி உடைந்திருந்தது. எப்போது உடைந்தது? ஒரு மாதமா, ஒரு வருடமா? என் "மேற்படி"யால் யாராலும் சொல்ல முடியவில்லை. வண்டிகளை மெதுவாக ஓட்டி, தூணைப் பலப்படுத்தினார்கள். நல்ல வேளை, விபரீதம் ஒன்றும் இல்லை. ஆனால் பொய் எழுதிய ஒரு வரி, அதற்கு முன் உண்மையாக எழுதிய அத்தனை வரிகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிட்டது.

விளக்கமும் முடிவும்

ஆகவே பன்னிரண்டாம் தொட்டி அறிக்கையில் இடம் பெற்றது. செயல்முறைப் பகுதியில் அவள் எழுதினாள்: "சுமார் 20ஆம் நாள் முதல் 12ஆம் தொட்டியின் அடியில் ஒரு தட்டு இருந்தது. வீட்டில் ஒருவர் வைத்தது. அறுவடைக்குப் பிறகே எனக்குத் தெரிய வந்தது." அட்டவணையில் 4.0 அப்படியே இருக்க, அதைச் சேர்த்த சராசரி 8.2, சேர்க்காத சராசரி 9.6 என இரண்டையும் கொடுத்தாள். ஓர் எண்ணை ஒதுக்குவது குற்றமல்ல. ஒதுக்கியதையும் ஒதுக்கிய காரணத்தையும் மறைப்பதுதான் குற்றம்.

பிறகு விளக்கம் எழுத உட்கார்ந்தோம். வெறும் மண் தொட்டிகளில் மிக நல்லது 6.6, 50 கிராம் தொட்டிகளில் மிக மோசமானது 8.5. இரண்டும் தொட்டுக்கொள்ளவே இல்லை. ஆக உரம் உதவியது என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் 100 கிராம், 50 கிராமைவிட மேலா? பன்னிரண்டாம் தொட்டியை ஒதுக்கினாலும் 100 கிராமில் குறைந்தது 9.2, 50 கிராமில் அதிகமானது 9.3. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. "இந்தச் சோதனையைக் கொண்டு சொல்ல முடியாது" என்பதே சரியான முடிவு. மறைக்க நினைத்த எண்ணை மறைத்திருந்தால், இல்லாத ஒரு கண்டுபிடிப்பை அல்லவா எழுதியிருப்போம்!

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். தொட்டியில் கண்டதை வயலுக்கு அப்படியே பெருக்கக் கூடாது. ஒரு ஹெக்டேரில் 15 சென்டிமீட்டர் ஆழ மண் சுமார் 22 லட்சம் கிலோ. 5 கிலோவுக்கு 50 கிராம் என்ற கணக்கில் ஏக்கருக்கு ஏறக்குறைய 9 டன் உரம் ஆகிறது. 100 கிராம் என்றால் 18 டன். எந்த விவசாயிக்குக் கட்டுப்படியாகும்? தொட்டியில் வேர் ஓட இடமும் குறைவு. ஆகவே தொட்டி வழி காட்டும், தீர்ப்பு வயலில்தான். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் நூறாண்டு கடந்த ஒன்று. எத்தனையோ பேர் கை மாறியும் அந்த எண்களுக்கு மதிப்பு இருப்பது, ஒவ்வொருவரும் தம் காலத்தில் அளந்து எழுதி வைத்ததால்தான். நம் பெங்களூருவில் ஜி.கே.வி.கே. வளாகத்தில் நடக்கும் கிருஷி மேளாவுக்குப் போகும் அன்பர்கள், சோதனைப் பாத்திகளின் முன்னால் நட்டிருக்கும் பெயர்ப் பலகைகளை நின்று படித்துப் பாருங்கள். பயிர், ரகம், செய்முறை என்று அதில் இருப்பதும் ஓர் அறிக்கையின் சுருக்கமே.

பிள்ளைகளுக்கு நடைமுறை யோசனை ஒன்று. சோதனைக்கென்று தனி நோட்டுப் புத்தகம் வைத்து அன்றன்று தேதியிட்டு எழுதுங்கள். தவறினால் ஒரே கோடாக அடியுங்கள், கிழிக்காதீர்கள். தொட்டியை இடம் மாற்றினாலும், ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும் எழுதுங்கள். பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாடியில் பிள்ளைகள் வைத்த தொட்டியைத் தொடாதீர்கள். தொட்டால் சொல்லிவிடுங்கள்.

பேத்தியின் ஆசிரியை அந்தத் தட்டைப் பற்றித்தான் அதிகம் கேள்வி கேட்டாராம். மதிப்பெண் இன்னும் வரவில்லை. சங்க அன்பர்களின் பிள்ளைகள் யாருக்கேனும் இதுபோன்ற செயல்திட்டம் இருந்தால், எங்கள் வீட்டில் பன்னிரண்டு தொட்டியும் ஐந்து கிலோ தராசும் சும்மா இருக்கின்றன. வந்து வாங்கிப் போகலாம். தட்டு மட்டும் கிடையாது.